சூடானால் சுழலாத செல்ஃப் மோட்டார்: பழைய டீசல் ஜீப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய வண்டி 1990-களின் முற்பகுதியில் வெளிவந்த ஒரு மகிந்திரா ஜீப். அதில் இருப்பது பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 90 மி.மீ. விட்டம், 83 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 2112 சி.சி. டீசல் நேரடியாகப் பிஸ்டன் மேல் தெளிக்கப்படாமல் சிலிண்டர் ஹெட்டில் உள்ள சிறு அறைக்குள் தெளிக்கப்படுவதால், காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ய அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் தேவைப்படும். இன்ஜினை நிறுத்துவதற்கு டாஷ்போர்டில் உள்ள குமிழை இழுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கேபிள் டீசல் பம்புக்குப் போய் எண்ணெயை அடைக்கிறது. இந்தக் கேபிள் பின்னால் முக்கியமான சாட்சியாக வரப்போவதால் இங்கேயே குறிப்பிட்டு வைக்கிறேன்.

வண்டி போடிநாயக்கனூரில் ஓடுவது. விடியும் முன் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும். பொழுது சாய்வதற்குள் அவர்களை ஊர் கொண்டுவந்து சேர்க்கும். மலையேறிச் சென்ற வண்டி தோட்டத்தில் நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது ஓட்டுநரின் தொல்லை மட்டுமன்று. ஒரு நாள் கூலியை நம்பி வந்தவர்கள் இருட்டிய பிறகும் மலையிலேயே நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தப் பழுதை "எப்படியாவது ஓடினால் போதும்" என்று விட மனம் வரவில்லை.

பழுதின் தன்மையை ஓட்டுநர் தெளிவாகச் சொன்னார். காலையில் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) சற்று மந்தமாகச் சுற்றினாலும் இன்ஜின் பிடித்துவிடும். மலையேறி நிறுத்தி, கால் மணி அல்லது அரை மணி நேரத்துக்குள் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். சில வேளை "டக் டக் டக்" என்று சத்தம் மட்டும் வரும். வண்டி நன்றாக ஆறிய பிறகு மீண்டும் சுற்றும். இதனால் எங்கே போனாலும் இறக்கம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, உருட்டி ஸ்டார்ட் செய்வது வழக்கமாகிவிட்டது. இதற்கு முன் பேட்டரி புதிதாக மாற்றப்பட்டிருந்தது, கார்பன் பிரஷ் மாற்றப்பட்டிருந்தது, சாவி ஸ்விட்சும் மாற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றை மாற்றியபோதும் சில வாரங்கள் நிலைமை சற்று மேம்பட்டு, பின் பழையபடி ஆகியிருக்கிறது.

புதிய பாகம் போட்டதும் சற்று மேம்பட்டு மீண்டும் கெடுகிற பழுதில், மாற்றப்பட்ட பாகங்கள் பெரும்பாலும் குற்றவாளிகள் அல்ல. செல்ஃப் சுற்றுக்குத் தேவையான வோல்ட் எங்கோ தின்னப்படுகிறது; புது பேட்டரி சற்றுக் கூடுதலாகத் தருவதால் மிச்சம் கொஞ்சம் கிடைக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு தின்னப்படுகிறது என்பதை இன்ஜின் சுற்றும்போதே அளந்து பார்க்காமல் செல்ஃப் மோட்டாரைக் கழற்றக் கூடாது என்பதே இந்த வேலையில் எடுத்துக்கொண்ட முதல் முடிவு.

அளவெடுக்கும் முன்

அளவெடுப்பதற்கு வேண்டிய கருவிகள் மூன்றுதான். ஒரு நல்ல மல்டிமீட்டர், டி.சி. மின்னோட்டம் காட்டும் கிளாம்ப் மீட்டர், கிராங்க் புல்லியில் ஒட்டிய வெள்ளைத் துண்டைப் பார்த்துச் சுற்று எண்ணும் டேகோமீட்டர். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி. மின்னோட்டத்தை மட்டுமே காட்டும் என்பதை வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டும்.

வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்தோம். அளக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதால் ஒருவர் ஸ்டாப்பர் குமிழை இழுத்துப் பிடித்தபடியே சாவியைத் திருப்பினார். ஒரு முறைக்கு ஐந்து, ஆறு விநாடிக்கு மேல் சுற்றவில்லை. ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுத்தோம். செல்ஃப் மோட்டார் சில விநாடிகள் மட்டுமே உழைப்பதற்காகச் செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் அந்தச் சுருள்களைத் தொடர்ந்து ஓட விட்டால் சாலிடர் உருகித் தெறிக்கும்.

பேட்டரியில் இருந்து தொடங்கினோம். ஒரு இரவு முழுவதும் சும்மா நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஆறு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தி 1.260-க்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லாமல் இருந்தது. பேட்டரி சரி. அது இப்போதைக்குச் சரி என்பது மட்டுமே இதன் பொருள். சார்ஜ் எப்படி ஏறுகிறது என்பது தனிக் கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

சூட்டில் எடுத்த அளவுகள்

காலையில் நன்றாக இருக்கும் பழுதைக் காலையில் தேடுவதில் பயனில்லை. ஆகவே வண்டியைப் போடிமெட்டு ஏற்றி இறக்கி, வந்து நின்ற பத்தாவது நிமிடத்தில் அளவெடுத்தோம். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. இன்ஜின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சுற்று. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது; பிஸ்டன் காற்றை வேகமாக அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாக அழுத்தினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும், காற்றும் ரிங் இடுக்கில் கசிந்துவிடும். 90 சுற்றில் இந்த இன்ஜின் பற்றினால்தான் வியப்பு.

அந்த நேரத்தில் பேட்டரியின் இரண்டு ஈயக் கம்பங்களுக்கு இடையே 11.2 வோல்ட் இருந்தது. கேபிளில் ஓடிய மின்னோட்டம் 200 ஆம்பியர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் பாதி நோய் புரிந்துவிடும். பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, செல்ஃப் உள்ளே ஷார்ட் ஆகி அளவுக்கு மீறி இழுத்தாலோ, பேட்டரியின் வோல்ட் 9-க்கும் கீழே விழுந்திருக்கும். இங்கே பேட்டரி தளராமல் 11.2-இல் நிற்கிறது, செல்ஃப் மட்டும் சுற்ற மாட்டேன் என்கிறது. அப்படியானால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே மின்தடை இருக்கிறது.

இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் மீட்டரை வைத்து அந்தத் துண்டில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஓம்மீட்டரை வைத்துக் கேபிளைச் சோதிப்பது இந்த வேலைக்கு உதவாது. 0.015 ஓம் என்ற தடையைச் சாதாரண மல்டிமீட்டர் பூஜ்யம் என்றே காட்டும். ஆனால் அந்தத் தடையில் 200 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் காணாமல் போகும். கேபிளின் நூறு இழைகளில் இரண்டே இழை மிஞ்சியிருந்தாலும் டெஸ்ட் பல்பு பளிச்சென்று எரியும். அந்தப் பல்பை நம்பித்தான் பல செல்ஃப் மோட்டார்கள் தேவையில்லாமல் கழற்றப்படுகின்றன.

பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்துக்கும் மோட்டாருக்குள் போகும் கடைசி டெர்மினலுக்கும் இடையே 0.7 வோல்ட் விழுந்தது. இது சற்று அதிகம், 0.5-க்குள் இருக்க வேண்டும். அதிலும் பாதிக்கு மேல் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்சான சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே இருந்தது. இதை எழுதி வைத்துக்கொண்டு எர்த் பக்கம், அதாவது மின்சாரம் மோட்டாரிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழிக்குப் போனோம். செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் இடையே 2.9 வோல்ட்.

எர்த் பக்கம் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இங்கே அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். 200 ஆம்பியரையும் 2.9 வோல்ட்டையும் பெருக்கினால் 580 வாட்; அவ்வளவு சக்தி இன்ஜினைச் சுற்றாமல் எங்கோ ஒரு துருப்பிடித்த இணைப்பில் வெறும் சூடாகிக் கொண்டிருந்தது. பேட்டரி தந்த 11.2 வோல்ட்டில் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 7.6 மட்டுமே.

இன்னும் பிரித்து அளந்தோம். பேட்டரி நெகட்டிவுக்கும் வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸுக்கும் இடையே 0.3. சேசிஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 2.6.

சுட்டது ஸ்டாப்பர் கேபிள்

அந்த நேரத்தில்தான் குமிழை இழுத்துப் பிடித்திருந்த தம்பி கையை உதறினார். "அண்ணே, இது சுடுது" என்றார். இன்ஜின் சூடு அந்தக் குமிழ் வரை வர வழியில்லை. கிளாம்ப் மீட்டரை ஸ்டாப்பர் கேபிளைச் சுற்றி மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்த்தபோது, பத்துப் பதினைந்து அல்ல, 20 ஆம்பியருக்கு மேல் அந்த மெல்லிய கம்பி உறை வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் இந்த வண்டியில் சேசிஸில் இணைக்கப்பட்டிருக்கிறது. சேசிஸிலிருந்து இன்ஜினுக்கு ஒரு பின்னல் செம்புப் பட்டை போகிறது. செல்ஃப் மோட்டாரின் எர்த் அதன் உடம்பே. உடம்பு இன்ஜினோடு இணைந்த பெல் ஹவுசிங்கில் போல்ட் போடப்பட்டிருக்கிறது. ஆகவே மோட்டாருக்குள் போன ஒவ்வொரு ஆம்பியரும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை சரியில்லை என்றால் மின்னோட்டம் இன்ஜினையும் பாடியையும் தொடும் வேறு எந்த உலோகத்தையும் விடாது: ஆக்சிலரேட்டர் இணைப்பு, ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டாப்பர் கேபிள், சைலன்சர் தாங்கி, கியர்பாக்ஸ் பேரிங் வழியாகப் புரொப்பெல்லர் ஷாஃப்ட். பேரிங் வழியாக ஓடும் மின்னோட்டம் அதன் குண்டுகளில் சிறு சிறு குழிகளை உண்டாக்கும். கியர்பாக்ஸில் காரணம் தெரியாமல் இரைச்சல் வந்த வண்டிகளில் எர்த் பட்டையையும் பார்ப்பது நல்லது.

பட்டையைக் கழற்றினோம். சில ஆண்டுகளுக்கு முன் இன்ஜின் மவுண்டிங் மாற்றிச் சேசிஸுக்குப் பெயின்ட் அடித்தபோது, ஏதோ ஒரு பட்டறையில் பெயின்ட் மேலேயே பட்டையின் லக்கை (போல்ட் நுழையும் முனை வளையம்) வைத்து போல்ட் முறுக்கியிருக்கிறார்கள். போல்ட் மரைகளின் வழியே மட்டும் கொஞ்சம் தொடர்பு இருந்திருக்கிறது. அங்கும் மலை மழையில் துரு ஏறிவிட்டது. பட்டையின் இன்ஜின் முனையில் பின்னலின் பாதி இழைகள் பச்சை பூத்து, விரலால் தொட்டாலே உதிர்ந்தன. வெளியே எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்ததால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது முழுப் பட்டையாகவே தெரியும்.

பட்டைக்குப் பதிலாக ஒரு கனத்த ஜம்பர் கேபிளைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் கவ்விச் செல்ஃப் அடித்தோம். இன்ஜின் வேகம் 90-லிருந்து 150-க்குத் தாவியது.

ஓட்டுநர் நீண்ட நாளாகச் சொல்லிவந்த இன்னொரு குறையும் இங்கே விளங்கியது. இன்ஜினை நிறுத்தும் குமிழ் இறுகிப்போய்விட்டது, இழுத்தால் தானாகத் திரும்பிப் போவதில்லை, கையால் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது என்று அவர் முறையிட்டு வந்தார். மின்னோட்டம் ஓடிச் சூடேறி, உறைக்குள் இருந்த பிளாஸ்டிக் இளகி உள்கம்பியில் ஒட்டியிருந்தது. அதனால் டீசல் பம்பின் நெம்புகோல் முழுவதும் திறந்த நிலைக்குத் திரும்பாமல் நின்றது. மெதுவாகச் சுற்றும் செல்ஃபோடு குறைவான டீசலும் சேர்ந்தால் ஸ்டார்ட் ஆவது எப்படி? தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு முறையீடுகள்; இரண்டுக்கும் வேர் அந்தப் பெயின்ட் அடித்த போல்ட்.

புதிய பேட்டரி ஏன் சில வாரங்களிலேயே தளர்ந்தது என்பதற்கும் விடை அங்கேதான் இருந்தது. ஆல்டர்னேட்டரும் இன்ஜினில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் நெகட்டிவ் அதன் உடம்பு. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் டெர்மினலுக்கும் உடம்புக்கும் இடையே 14.1 வோல்ட் இருந்தது, பேட்டரி கம்பங்களுக்கு இடையே 13.6 மட்டுமே வந்தது. ரெகுலேட்டர் தன் கடமையைச் சரியாகச் செய்கிறது, ஆனால் அரை வோல்ட் வழியில் போய்விடுகிறது. ஈய அமில பேட்டரிக்கு அந்த அரை வோல்ட் மிகப் பெரிது. அது ஒருபோதும் முழுமையாகச் சார்ஜ் ஆகாமல், தகடுகளில் சல்பேட் படிந்து, ஆயுளுக்கு முன்பே போய்விடும். ஹீட்டர் பிளக்குகளும் இன்ஜின் ஹெட் வழியாகவே எர்த் ஆகின்றன என்பதால் அவையும் காலையில் தங்கள் முழு வோல்ட்டைப் பெற்றிருக்காது.

"டக் டக் டக்" வந்த காரணம்

சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுப்பதற்கு, இன்னொன்று இழுத்த பிளஞ்சரைப் பிடித்து நிறுத்துவதற்கு. சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து 30, 40 ஆம்பியர் வரை எடுத்துப் பிளஞ்சரை இழுக்கின்றன. மோட்டார் முனையிலுள்ள பென்டிக்ஸ் என்ற சிறு பல்சக்கரம், இன்ஜின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் நுழைகிறது. கடைசியில் செம்புத் தட்டு இரண்டு பெரிய போல்ட்டுகளை இணைத்து மோட்டாருக்கு மின்சாரம் தருகிறது. அந்தக் கணத்தில் இழுக்கும் சுருளின் இரு முனையும் ஒரே வோல்ட்டுக்கு வந்துவிடுவதால் அதில் ஓட்டம் நின்றுபோய், பிடிக்கும் சுருள் மட்டுமே வேலை செய்கிறது.

எர்த் மோசமான இந்த வண்டியில் முதல் கட்டத்துக்குத் தடை இல்லை. 40 ஆம்பியருக்கு எர்த்தில் விழுவது அரை வோல்ட்டை ஒட்டியே இருக்கும். பிளஞ்சர் போய் அடிக்கும். ஆனால் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் எடுக்கும் மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது எடுப்பதைவிட மிக அதிகம். எர்த் இழப்பு அப்போது 4 வோல்ட்டைத் தாண்டிவிடும். பேட்டரியும் அந்தக் கணத்தில் தாழும், சாவி ஸ்விட்ச் வழியாக வரும் நீண்ட ஒயரிலும் ஒன்றரை வோல்ட் போகும். மிச்சம் இருப்பது பிடிக்கும் சுருளுக்குப் போதாது. அது பிளஞ்சரை விட்டுவிடும். விட்டதும் மோட்டார் நிற்கும், வோல்ட் திரும்ப வரும், சோலனாய்டு மறுபடி இழுக்கும், மறுபடி விடும். ஒவ்வொரு முறை விடும்போதும் செம்புத் தட்டில் தீப்பொறி. பாசிட்டிவ் பக்கம் 0.7 வோல்ட் விழுந்ததற்கும், பின்னர் சோலனாய்டைத் திறந்தபோது தட்டு அரித்துக் குழி விழுந்திருந்ததற்கும் இதுதான் காரணம்.

சோலனாய்டுக் கோளாறு என்று இதைப் பார்த்தவுடன் சோலனாய்டை மாற்றுவது பொதுவாக நடப்பது. புது சோலனாய்டு சில மாதம் தாக்குப்பிடிக்கும். பிறகு அதன் தட்டும் இதே போலக் கருகும்.

ஜம்பர் கேபிளோடு தெரியவந்த இரண்டாவது பழுது

ஜம்பர் கேபிள் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. இத்தோடு வேலையை முடித்திருக்கலாம், பலரும் முடித்துவிடுவார்கள். ஆனால் அளவுகள் அப்படிச் சொல்லவில்லை. மின்னோட்டம் 270 ஆம்பியருக்கு ஏறியிருந்தது, மோட்டாருக்கு 9.3 வோல்ட் போய்ச் சேர்ந்தது, இருந்தும் வேகம் 150 சுற்றுதான். நல்ல மோட்டார் இவ்வளவு வோல்ட்டில், சூடாகி எண்ணெய் இளகிய இன்ஜினை, இதைவிடக் குறைந்த மின்னோட்டத்தில் 200 சுற்றுக்காவது சுற்ற வேண்டும். மறுநாள் காலை, வண்டி ஆறியிருந்தபோது, அதே ஜம்பரோடு அளந்தால் வேகம் கூடியது, மின்னோட்டம் குறைந்தது. எர்த் இழப்போ காலையிலும் பிற்பகலிலும் ஏறக்குறைய மாறவே இல்லை. ஆகவே சூட்டில் மட்டும் வரும் பகுதி மோட்டாருக்குள் இருக்கிறது.

சூட்டால் செம்பின் தடை ஏறுவது இயல்பு. 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கு மேல் கூடும். நல்ல மோட்டார்களுக்கும் இது உண்டு, அவை அதைத் தாங்கிக்கொள்ளும். மின்னோட்டம் கூடி வேகம் குறைவது அதனால் அல்ல. உள்ளே ஏதோ உரசுகிறது என்பதற்கான அடையாளம் அது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இப்போதுதான் செல்ஃப் மோட்டாரை இறக்கினோம்.

பென்டிக்ஸ் பக்கத்து மூக்கில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் கண்ணுக்குத் தெரியும்படி ஆடியது. ஷாஃப்ட்டைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. ஆர்மேச்சரின் இரும்புத் தகடுகளில் ஒரு பட்டை நீளத்துக்கு வெள்ளியாய் மின்னிய உரசல் தடம். அதற்கு எதிரே, சுற்றாமல் நிற்கும் ஃபீல்டு காயிலைத் தாங்கும் இரும்பு ஷூ ஒன்றிலும் அதே தடம். மோட்டார் ஆறியிருக்கும்போது மயிரிழை இடைவெளியில் தப்பிக்கும் ஆர்மேச்சர், சூட்டில் விரிந்ததும் ஷூவைத் தொட்டு, காந்த இழுப்பில் அதன்மேல் ஒட்டிக்கொண்டே சுற்றியிருக்கிறது. அதோடு ஒரு பிரஷ் அதன் கூட்டில் கார்பன் தூள் அடைத்துச் சிக்கியிருந்தது. முன்பு பிரஷ் மாற்றியவர் கூட்டைச் சுத்தம் செய்யாமல் புதியதைச் செருகியிருக்க வேண்டும்.

ஆர்மேச்சரைக் குரோலர் என்ற சுருள் சோதிக்கும் கருவியில் வைத்துச் சோதித்ததில் ஷார்ட் இல்லை. பிரஷ் உரசும் செம்புக் கட்டைகளின் வளையமான கம்யூட்டேட்டருக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை. ஃபீல்டு காயிலின் துணி உறை கருகவில்லை. உரசிய ஆர்மேச்சரை உடனே புதிதாக மாற்றச் சொல்வார்கள்; தகடுகள் கலங்காமலும் சுருள் சிதையாமலும் இருந்ததால் இதை மாற்றத் தேவையில்லை என்று முடிவு செய்தோம். லேத்தில் கம்யூட்டேட்டரை மிக மெல்லியதாக ஒரு முறை இழுத்து வட்டம் திருத்தினோம். செம்புக் கட்டைகளுக்கு இடையே உள்ள மைக்காவைத் தாழ்த்தி வெட்டுவது டைனமோவில் கட்டாயம். ஆனால் பழைய செல்ஃப் மோட்டார்கள் சிலவற்றுக்குத் தயாரிப்பாளர்களின் கையேடே அப்படி வெட்டக் கூடாது என்று சொல்கிறது. அந்த மோட்டார்களில் வெட்டினால் பிரஷ்ஷில் உள்ள செம்புத் தூள் பள்ளத்தில் இறங்கிக் கட்டைகளை ஷார்ட் செய்துவிடும். இந்த மோட்டாரில் பழைய மைக்கா வெட்டப்படாமலே இருந்ததால் அப்படியே விட்டோம்.

புதிய புஷ்களை மெல்லிய இன்ஜின் ஆயிலில் ஒரு நாள் முழுவதும் ஊறவைத்துப் பிறகே அடித்தோம். இந்த வெண்கலப் புஷ் தூளை அழுத்திச் செய்யப்பட்டது. அதன் நுண்துளைகளில் ஏறும் எண்ணெய்தான் ஆயுள் முழுவதும் ஷாஃப்ட்டுக்கு உயவு. உலர்ந்த புஷ்ஷை அப்படியே அடிப்பதும், இறுக்கமாக இருக்கிறது என்று ரீமர் விட்டுச் சீவுவதும் அதைக் கொல்லும் வழிகள். ரீமர் அந்தத் துளைகளை மழுக்கி அடைத்துவிடும். ஷாஃப்ட்டின் அளவுக்கே வழவழப்பாகக் கடைந்த ஒரு மேண்ட்ரலை நுழைத்து அதன்மேல் அடித்தால் புஷ் தானே சரியான அளவுக்கு அமரும். இது அரை மணி நேர வேலை, பட்டறைகளில் அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான்.

சோலனாய்டின் மூடி திறக்கும் வகையாக இருந்ததால், குழி விழுந்த செம்புத் தட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டு, இரண்டு போல்ட்டுகளின் தலையையும் ஒரே மட்டத்துக்கு அரம் போட்டோம். ஒரு போல்ட் உயர்ந்து மற்றது தாழ்ந்திருந்தால் தட்டு ஒன்றை மட்டும் நன்றாகத் தொட்டு, மற்றதைக் கருக்கும். பென்டிக்ஸின் ஒருவழிக் கிளட்ச் வழுக்கவில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் ரிங் கியரின் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். பற்கள் தேய்வதும் அங்கேதான். இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்ததில் பற்கள் நன்றாகவே இருந்தன.

எர்த்தும் ஒயரிங்கும்

சேசிஸில் லக் உட்காரும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். இன்ஜினுக்குப் புதிய பின்னல் பட்டை போட்டதோடு நிற்காமல், பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராகச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கே 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் ஒன்றையும் கொண்டுபோனோம். அந்தக் கனத்தில் ஒரு மீட்டருக்கு 0.00035 ஓம்தான் தடை. 300 ஆம்பியர் ஓடினாலும் மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டே போகும். மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்குச் சேசிஸை மட்டும் நம்பிய எர்த் போதாது என்பது என் உறுதியான கருத்து. லக்குகளைக் கருவியால் அழுத்திப் பிடித்த பிறகே வெப்பச் சுருக்குக் குழாய் போட்டோம். சுத்தியலால் தட்டி ஈயம் ஊற்றிய லக், சூடேறினால் உருகிக் கழன்றுவிடும். போல்ட்டுகளை முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவினோம். முறுக்கும் முன் கிரீஸைத் தடவி அதன்மேல் லக்கை வைப்பது சரியான வரிசை அன்று.

சாவி ஸ்விட்சின் வழியாக சோலனாய்டுக்கு 40 ஆம்பியர் போவது அந்த ஸ்விட்சுக்கு அதிகச் சுமை. புது ஸ்விட்ச் போட்டும் ஒன்றரை வோல்ட் இழப்பு தொடர்ந்தது அதனால்தான். பேட்டரிக்கு அருகே ஒரு ரிலே பொருத்தி, சாவி அந்த ரிலேயை மட்டும் இயக்கும்படியும், சோலனாய்டுக்கு ரிலேயிலிருந்து ஃபியூஸோடு கனத்த ஒயர் போகும்படியும் மாற்றினோம். ஸ்டாப்பர் கேபிள் முழுவதும் புதிது.

திரும்பவும் போடிமெட்டு ஏற்றி இறக்கி, முன்போலவே பத்தாவது நிமிடத்தில் அளந்தோம். மின்னோட்டம் 220 ஆம்பியர். பேட்டரியில் 11.1 வோல்ட், பாசிட்டிவ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 0.2, மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 10.6. இன்ஜின் வேகம் 210 சுற்று. குமிழை விட்டதும் முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.0 வோல்ட் இருந்தது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்டாப்பர் கேபிளில் கிளாம்ப் மீட்டர் எதையும் காட்டவில்லை.

இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு, பேட்டரி பெட்டியின் மூடிக்குள் ஒட்டி ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் வண்டி சூடாக இருக்கும்போதே அதே இடங்களில் அளக்க வேண்டும். எர்த் பக்கம் 0.4 வோல்ட்டைத் தொட்டால் முதலில் பட்டையையும் அதன் இரு போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். எர்த்தும் பாசிட்டிவும் சரியாக இருந்து, சூட்டில் மின்னோட்டம் மட்டும் 260 ஆம்பியரை நெருங்கி வேகமும் தாழ்ந்தால், மறுபடி புஷ்தான். ஆர்மேச்சர் ஷூவைத் தொடும் முன் இறக்கிவிட வேண்டும்.